காலிப்பருக்கு அடித்த அடுப்புப் பெயிண்ட்

போன வாரம் எங்கள் பழைய பட்டறை ஆட்களின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. ஜெகன் என்று ஒருத்தன், நான் ஓய்வு பெற்ற பிறகு வேலைக்குச் சேர்ந்தவன். வீட்டு வாசலிலேயே காரை ஜாக்கியில் ஏற்றி, சக்கரங்களைக் கழற்றி, காலிப்பர்களுக்குச் செக்கச்செவேல் என்று பெயிண்ட் அடித்திருந்தான். கீழே ஒரு கேள்வி: "அண்ணே, நேத்து பெருமாள்மலை எறங்குறப்ப சக்கரத்துப் பக்கம் லேசா புகைஞ்சுச்சு. பிரேக் போச்சா? உங்க காலத்துல இந்த மாதிரியெல்லாம் பெயிண்ட் அடிப்பீங்களா?"

உங்கள் காலத்தில் உண்டா என்று என்னிடம் கேட்டால் விடுவேனா. கொடைக்கானல் மலையில் காலிப்பருக்கு முதன்முதலில் பெயிண்ட் அடித்த ஆள் நான்தான். மறுப்பவர்கள் ஆதாரம் கொண்டு வரட்டும். என்னிடமும் ஆதாரம் கிடையாது, குரல் மட்டும் பெரிது. அந்தப் பெயிண்டும் புகைந்தது. அந்தப் புகையில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதனால் ஜெகனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

கார் ஓட்டாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் இரும்புத் தட்டு டிஸ்க். பிரேக்கை மிதித்தால் அந்தத் தட்டை இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற இரும்புப் பிடிதான் காலிப்பர். இன்று எல்லாக் காரிலும் இருக்கிறது. எழுபதுகளில் நம் மலையில் ஓடிய அத்தனை டாக்சியிலும் சக்கரத்துக்குள்ளேயே மூடிக் கிடக்கும் டிரம் பிரேக்தான். டிஸ்க்கைப் படத்தில் பார்த்தவர்களே குறைவு.

நான் மதுரையில் பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டு ஊருக்கு வந்தவன். பேண்ட் கால்கள் யானைக்கால் அகலத்துக்கு இருக்கும், முடி காதை மூடியிருக்கும், வாய் மூடாது. வாத்தியார் வேலைக்குப் போவான் என்று வீட்டில் காத்திருந்தார்கள். எனக்கு வண்டிப் பைத்தியம். ஏரிச் சாலையில் வெளிநாட்டுக்காரர்களின் வேன் ஏதாவது நின்றுவிட்டால், தள்ளுவதற்கு முதல் ஆளாக ஓடுவேன். அப்படி ஒரு வேனைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் மார்ட்டின் சார் பட்டறை. வேன் மறுநாள் கிளம்பிவிட்டது, நான் கிளம்பவில்லை. முதல் இரண்டு வருஷத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கிரீஸ், கிரீஸ், அதற்கு மேல் கிரீஸ்.

மார்ட்டின் சார் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் என்ஜின் ஓட்டியவர். குடும்பத்தோடு கப்பலில் வந்து மலையேறியவர். பெரிய உடம்பு, அதன் உச்சியில் சின்னதாக ஒரு குரங்குக் குல்லா. சத்தம் போட மாட்டார். திட்ட வேண்டியவனை மரியாதையாகக் கூப்பிடுவார், அதுதான் பயமாக இருக்கும். என்னைப் பார்த்து "வாங்க பி.எஸ்ஸி., இருங்க பி.எஸ்ஸி., இந்த நட்டு யாரு முடுக்கினது பி.எஸ்ஸி." என்பார். எது சொன்னாலும் முடிவில் "வெளங்குதா?" வெளங்கியது என்று சொன்னால் திருப்பிச் சொல்லச் சொல்வார்.

அவர் பட்டறையில் ஒரு சட்டம். பிரேக்கைத் தொட்டவன் எவனோ, அவன்தான் அந்த வண்டி முதல்முறை மலை இறங்கும்போது முன் சீட்டில் உட்கார வேண்டும். அப்பீல் கிடையாது. காய்ச்சல் என்றால் காய்ச்சல் விடும்வரை வண்டி பட்டறையிலேயே நிற்கும். பின்சீட்டில் மார்ட்டின் சார் ஏறிக்கொள்வார், வண்டி ஒரு பக்கம் சாயும். ஆள் லோடு இல்லாமல் பிரேக்கைச் சோதிப்பது சோறில்லாமல் குழம்பை ருசி பார்ப்பது மாதிரி என்பார்.

நான் முதன்முதலில் தனியாகப் பிரேக் போட்ட டாக்சி இறங்கியபோது, பட்டறையில் மறந்துபோன ஒவ்வொரு நட்டும் ஒவ்வொரு வளைவில் எனக்கு ஞாபகம் வந்தது. இடதுபக்கப் பின் சக்கரத்து நட்டை முடுக்கினேனா, முடுக்க நினைத்தேனா? பெருமாள்மலையில் வண்டி நிற்கும் முன்னாலேயே குதித்துப் போய்ப் பார்த்தேன். எல்லாம் முடுக்கித்தான் இருந்தது. மார்ட்டின் சார் டீயை ஊதிக்கொண்டே, "பயந்து முடுக்கினா நட்டு கழறாது பி.எஸ்ஸி. வெளங்குதா?" என்றார்.

இன்னொரு முறை போளூர்ப் பக்கத்து உருளைக்கிழங்கு லாரி முதலாளி ஒருவர், வண்டி மத்தியானத்துக்குள் வேண்டும் என்று குதித்தார். மார்ட்டின் சார் குல்லாவைச் சரிசெய்துகொண்டு, "தாராளமா, முதலாளி. அவசரம் உங்கட. அதனால முன் சீட்டுல நீங்க இருங்க" என்றார். முதலாளிக்குச் சட்டென்று வேறு சோலி ஞாபகம் வந்து, லாரியை நாளைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சோதனைக்கும் ஒரு முறை வைத்திருந்தார். இறக்கத்தில் இரண்டாவது கியர். பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கக் கூடாது; ஒரு மிதி, ஒரு விடுதல். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் இறங்கி இடதுபக்க முன் சக்கரத்தில் தொடங்கி வண்டியை ஒரு சுற்று வருவார். சக்கரத்தைத் தொடுவதில்லை. புறங்கையை ஒரு சாண் தள்ளிக் காட்டுவார், காய்ச்சல்காரனுக்கு நெற்றி பார்ப்பது போல. முன் சக்கரம் இரண்டும் ஒரே சூடு, பின் சக்கரம் இரண்டும் ஒரே சூடு என்றால் தலையை ஆட்டுவார். அதற்கப்புறம்தான் டிரைவருக்கு டீ.

இப்போது அந்தோணி வண்டிக்கு வருகிறேன்.

அந்தோணி ஒரு வெள்ளைக்கார மிஷனரி குடும்பத்துக்கு ரொம்ப காலம் டிரைவராக இருந்தவர். கொடைக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவே எத்தனை குழி, எந்தக் குழியில் எப்போது தண்ணீர் நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்தக் குடும்பம் ஊரைக் காலி செய்தபோது, தங்கள் வெளிநாட்டுக் காரை அவருக்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. அவர்கள் போனதோடு சம்பளமும் போனது. அந்தோணிக்கு இருந்தது ஒரே யோசனை: சீசனில் அந்தக் காரைச் சொந்த வண்டியாக ஓட்டிப் பிழைப்பது. ஆனால் ஏற்பாடெல்லாம் முடிவதற்குள் கார் இரண்டு மழைக்காலம் அவர் வீட்டுக் கொட்டகையில் கிடந்துவிட்டது. நம் ஊர் மூடுபனிதான் தெரியுமே, வாயைத் திறந்து வைத்தால் பல்லிலும் துரு ஏறும். காலிப்பர்கள் டிஸ்க்கோடு ஒட்டிப்போய், தள்ளினாலும் கார் நகரவில்லை. வத்தலக்குண்டுப் பழைய இரும்புக்காரன் இரண்டு முறை வந்து அளந்து பார்த்துவிட்டுப் போயிருந்தான். ஈஸ்டருக்குள் வண்டி மலையிறங்கி ஏறவில்லையென்றால் அவனுக்கே கொடுத்துவிடுவதாக அந்தோணி சொல்லிவிட்டார். சீசனுக்கு வண்டி இல்லாவிட்டால், இந்த வயதில் அடுத்தவன் டாக்சிக்குக் கூலி டிரைவராகப் போக வேண்டியதுதான்.

பட்டறைக்குக் கொண்டு வர முடியாத வண்டி. ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டுக்கே போய் வேலை பார்க்க மார்ட்டின் சார் என்னை அனுப்பினார். நான் தியாகம் செய்கிற முகத்தை வைத்துக்கொண்டு சம்மதித்தேன். உள்ளுக்குள் ஆட்டம் போட்டேன். காரணம், ஸ்டெல்லா.

ஸ்டெல்லா அந்தோணியின் மகள். தாயில்லாத வீடு. பின்கட்டில் இரும்புக் கதவும் தகரப் புகைபோக்கியும் வைத்த பெரிய விறகு அடுப்பு. அதில் பன்னும் கேக்கும் சுட்டு டீக்கடைகளுக்கும் லாட்ஜுகளுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தாள். மாதா கோவில் பாட்டுக் குழுவில் அவள் எனக்கு முன் வரிசை. பூசை முடியும்வரை நான் அவள் பின்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளுக்கும் தெரியும். ஒரு தரம் திரும்பாமலே, "பாட்டுப் புஸ்தகத்தத் தலகீழா வச்சிருக்கீங்க" என்றாள்.

அந்தோணியை ஊரே அந்தோணி அண்ணே என்று கூப்பிடும். நான் கூப்பிட முடியுமா? அண்ணே என்று சொல்லிவிட்டால் ஸ்டெல்லா எனக்கு என்ன முறை ஆவாள்? மாமா என்று கூப்பிட்டால் அன்றைக்கே வாரிச் சுருட்டி வெளியே எறிவார். அதனால் நான் எதுவுமே கூப்பிடாமல் "ஏங்க, இந்த ஸ்பேனரு, ஏங்க, அந்த ஜாக்கி" என்றே ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் கவனித்துவிட்டார்.

"ஏலே பி.எஸ்ஸி, ஊருல எல்லாவனும் என்னய அண்ணேங்கான். நீ மட்டும் வாய்க்குள்ளயே முழுங்குற. என்ன சோலி?"

"தொண்டக்கட்டுங்க."

"தொண்டக்கட்டா. மூணு ஞாயித்துக்கெழமயாவா?"

ஜன்னலுக்கு உள்ளே மாவு பிசைகிற சத்தம் நின்று, சிரிப்புச் சத்தம் ஒன்று கேட்டு, மறுபடி மாவு பிசைகிற சத்தம் வந்தது.

வேலை சொல்கிறேன், ஜெகன் நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். ஒட்டிப்போன காலிப்பரைச் சுத்தியலால் அடிக்கவில்லை. உள்ளே இருக்கும் பிஸ்டனைப் பெடலை மிதித்து மிதித்தே வெளியே வர வைத்தேன். இரும்பு கட்டி நின்றாலும் ஆயில் தள்ளினால் வந்துதான் ஆக வேண்டும். பிறகு கழற்றி, கம்பிப் பிரஷால் துருவைத் தேய்த்து, வெறும் இரும்பு தெரியும்வரை உப்புத்தாள் போட்டேன். மிஷனரி அய்யா காரோடு ஒரு டப்பாவில் புது ரப்பர்களை விட்டுப் போயிருந்தார், புண்ணியவான். மார்ட்டின் சாரின் கட்டளை ஒன்று தலைக்குள் ஒலித்துக்கொண்டே இருந்தது. பிரேக் ரப்பர் பக்கம் மண்ணெண்ணெய் வாசனையே வரக் கூடாது. மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிப் பணியாரமாகிவிடும். ஆகவே ஸ்பிரிட்டால் கழுவினேன்.

எல்லாம் சரி. ஆனால் வெறும் இரும்பை இப்படியே விட்டால் அடுத்த பனியில் பழைய கதைதான். பெயிண்ட் அடிக்க வேண்டும். சாதாரண பெயிண்ட் பிரேக் சூட்டில் உரிந்துவிடும். சூடு தாங்கும் பெயிண்டுக்கு எங்கே போவது? நான் கொட்டகை வாசலில் காலிப்பரை மடியில் வைத்துக்கொண்டு யோசித்த நேரத்தில், ஸ்டெல்லா அடுப்புக் கதவைத் திறந்தாள். மழைக்காலம் முடிந்ததும் வருஷா வருஷம் அந்தக் கதவுக்கும் புகைபோக்கிக்கும் அவள் ஒரு வெள்ளிப் பெயிண்ட் அடிப்பாள். அன்றாடம் தீயில் வேகிற கதவு, பளபளவென்று இருந்தது.

"அந்தப் பெயிண்ட் மிச்சம் இருக்கா?"

"அடுப்புக்கு அடிக்கிறதுங்க."

"எனக்கும் அதான் வேணும்."

"எதுக்கு, கார்ல சோறாக்கப் போறீங்களா?"

அரை டப்பா இருந்தது. பிஸ்டன் போகும் துளையையும் டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பேட் கட்டை உரசும் இடத்தையும் ஆஸ்பத்திரி பிளாஸ்திரியால் ஒட்டி மூடினேன். ரப்பர் போடுவதற்கு முன்னாலேயே பெயிண்ட், அதுதான் முறை. மெல்லிசாக ஒரு கோட்டிங், காய விட்டு இன்னொன்று. அங்கேதான் கடவுள் என் பக்கம் நின்றார். மூடுபனியில் பெயிண்ட் காயவே இல்லை. ஒரு ஞாயிறு அடித்தால் அடுத்த ஞாயிறு தொட்டுப் பார்க்க வேண்டும். தொட்டுப் பார்த்தால் விரல் ஒட்டும். அதற்கடுத்த ஞாயிறும் வர வேண்டும். சூடான பன்னும் கட்டங்காப்பியும் கொட்டகைக்கே வந்துவிடும். இந்தப் பனியைத் திட்டியவர்களை நான் அதற்குப் பிறகு மன்னித்ததே இல்லை.

அந்தோணி சந்தேகப்பட ஆரம்பித்தார். "ஏம்ப்பா, கோவில் கதவுக்கே ஒரே நாள்ல பெயிண்ட் அடிச்சான். உள்ளங்கை அளவு இரும்புக்கு நீ ஒரு மாசமா அடிக்க."

ஈஸ்டர் நெருங்கியது. நான் ஸ்டெல்லாவிடம் ஒரு யோசனை சொன்னேன். இயற்பியல் படித்த திமிரில் சொன்ன யோசனை என்றாலும் நல்ல யோசனைதான். ரப்பர் இன்னும் போடவில்லை, வெறும் இரும்புதான். அடுப்பில் வைத்து ஒரு முறை சுட்டு எடுத்தால் பெயிண்ட் கல் மாதிரி இறுகிவிடும்.

அவள் கரண்டியை ஓங்கினாள். "ஈஸ்டர் கேக்கு உள்ள இருக்கு. உங்க இரும்பு வாட என் கேக்குல ஏறுனா லாட்ஜுக்காரன் சும்மா இருப்பானா? வேணும்னா அடுப்பு மேல ஓரமா வச்சுக்கங்க."

ஓரமாக வைத்தேன். இரண்டு காலிப்பர்களும் பன் தட்டுகளுக்குப் பக்கத்தில் குளிர் காய்ந்தன. கைக்கு ஒட்டாத அளவுக்குக் காய்ந்தது, இறுகவில்லை. எனக்கு அது தெரியும். ஆனால் அடுப்பு அவளுடையது, அவள் சொன்னதே தீர்ப்பு. பிளாஸ்திரியைப் பிய்த்தேன், ரப்பர் போட்டேன், பூட்டினேன், பிரேக் குழாயில் நின்ற காற்றை எடுத்தேன். பிரேக் ஆயில் பெயிண்டைத் தின்றுவிடும் என்பதால் சிந்திய சொட்டையெல்லாம் உடனே தண்ணீர்த் துணியால் துடைத்தேன். அன்று சாயந்திரம் கார் தன் காலில் கொட்டகையை விட்டு வெளியே வந்தது. சக்கரத்து இடுக்கில் வெள்ளிக் காலிப்பர்கள் மின்னின. அந்தோணி குனிந்து பார்த்துவிட்டு, "கொலுசு போட்ட மாதிரி கெடக்கு" என்றார். அவர் வாயில் அது பாராட்டா திட்டா என்று எனக்குப் புரியவில்லை.

சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின நாள், வெள்ளனே கிளம்பினோம். அந்தோணி ஸ்டியரிங்கில் இருந்தார். கண்ணாடியில் ஜெபமாலை, முன் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். இரண்டு பக்கத்துச் சாமியிடமும் சொல்லி வைத்திருந்தார். சட்டப்படி நான் முன் சீட்டில். பின்னால் மார்ட்டின் சார், வண்டி சாய்ந்தது. சாய்ந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு ஸ்டெல்லா ஏறினாள்.

"நீ எங்க?" என்றார் அந்தோணி.

"ஆள் லோடு வேணும்னு சார்தானப்பா சொன்னாரு. பெயிண்ட்டும் என்னோடது."

மார்ட்டின் சார், "சட்டத்துல எடம் இருக்கு அந்தோணி" என்றார்.

இறக்கம் தொடங்கியது. அந்தோணி டிஸ்க் பிரேக்கை நம்பவில்லை. டிரம் வண்டியைப் போல நீளமாக மிதித்தார். வண்டி மூக்கைக் குத்தி நிற்கும், எங்கள் தலைகள் முன்னால் போய் வரும். "ஒரு மிதி, ஒரு விடுதல் அந்தோணி" என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. எனக்கோ குஷி தாங்கவில்லை. பிரேக் பிடிக்கிறது, இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடிக்கிறது, வண்டி இழுக்கவில்லை. உலகத்தில் இதைவிட நல்ல சங்கதி என்ன இருக்கிறது?

சாலையோரத்து அருவிக்கு முந்தின வளைவில் ஒரு வாடை வந்தது. அடுத்த வளைவில் புகை. முன் சக்கரத்திலிருந்து மெல்லிசாக, வெள்ளையாக, ஊதுபத்தி மாதிரி கிளம்பி என் பக்கத்துக் கண்ணாடியைத் தாண்டிப் போனது.

அந்தோணி அருவி முன்னால் ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி, சக்கரத்துக்கு அடியில் கல்லைப் போட்டார். முகம் செத்துவிட்டது. பிறகு டிக்கியைத் திறந்து வாளியை எடுத்துக்கொண்டு அருவியைப் பார்த்து நடந்தார். இது நம் மலை டிரைவர்களின் வழக்கம். இறங்கும்போது சக்கரம் சுட்டால் அருவித் தண்ணீரைப் பிடித்து அடிப்பார்கள். சோ என்று ஆவி பறக்கும், பீடி ஒன்று பற்ற வைத்து ஆறும்வரை நிற்பார்கள். அப்பாவும் அடித்தார், மகனும் அடித்தான், அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரம் அதைத் தாங்கும். சிவக்கச் சுட்ட டிஸ்க்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தட்டு வளைந்துபோகும், வெடித்தாலும் வெடிக்கும். அதற்கு மாற்றுத் தட்டு மதராசில்கூடக் கிடைக்காது.

வாளி நிறைந்து திரும்பி வந்தது. மார்ட்டின் சார் அந்த உடம்போடு அவ்வளவு வேகமாகப் போவார் என்று நான் நினைத்ததே இல்லை. வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தோணி, தண்ணி வேணாம்."

"விடுங்க சார். புகையுது. பிரேக் கருகிப் போச்சு. இத்தன காலம் ஓட்டுனவனுக்குத் தெரியாதா?"

"ஒரு நிமிசம் பொறுங்க. நா பாக்குறேன்."

"பாத்தது போதும் சார். இரும்புக்காரன்ட்ட சொல்லிருதேன். எனக்குக் குடுப்பின இல்ல, அவ்வளவுதான்."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். வாளியை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள், தண்ணீர் அவர்கள் செருப்பில் வழிந்தது. வேர்க்கடலை விற்கிறவர்களும் இரண்டு குரங்கும் வேடிக்கை பார்த்தார்கள்.

ஸ்டெல்லா அதற்குள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துவிட்டாள். மூக்கை நீட்டி ஒரு முறை இழுத்தாள். எழுந்து அடுத்த பக்கம் போய் அங்கேயும் இழுத்தாள்.

"ப்பா, இது நம்ம அடுப்பு."

"என்னது?"

"நம்ம அடுப்புப்பா. வருசா வருசம் பெயிண்ட் அடிச்சு மொதத் தீ போடுறப்ப இதே வாடதான வரும். நீங்க இருமிக்கிட்டே வாசல்ல போய் உக்காருவீங்கல்ல? அதான் மொத ஈடு நா பன்னே வைக்கிறது இல்ல. ரெண்டாவது ஈட்டுல பாதி நின்னுரும். மூணாவது ஈட்டுல இருக்காது."

"அடுப்பு வேற, பிரேக்கு வேற தாயி."

"பெயிண்ட்டு ஒண்ணுதானப்பா."

மார்ட்டின் சார் வாளியை விட்டுவிட்டுப் புறங்கையை நீட்டினார். இடது பக்கம் பார்த்தார். வண்டியைச் சுற்றிக்கொண்டு வலது பக்கம் பார்த்தார். மறுபடி இடது பக்கம் வந்தார். என்னைப் பார்த்து, "ஜாக்கி போடுங்க பி.எஸ்ஸி." என்றார். போட்டேன். சக்கரத்தைச் சுற்றிவிட்டார், அது தடையில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்த பக்கமும் அப்படியே.

"பிரேக் கவ்விக்கிட்டு நிண்டா ஒரு பக்கந்தான் காயும், சக்கரமும் சுத்தாது. இங்க ரெண்டு பக்கமும் ஒரே சூடு, ஒரே பொக. பிரேக்குல உரசுற லைனிங் கருகினா பழைய சாக்க எரிச்ச நாத்தம் வரும், இது அது இல்ல. எனக்கு அடுப்பு வாசன தெரியாது அந்தோணி, ஒங்கட மகளுக்குத் தெரியுது. வெளங்குதா?"

அந்தோணிக்கு விளங்கியது, நம்பிக்கைதான் வரவில்லை. அவர் வண்டியையும் அருவியையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நா எடுக்க மாட்டேன் சார்."

"அப்ப சட்டத்துல ரெண்டாவது பகுதி இருக்கு" என்றார் மார்ட்டின் சார். அப்படி ஒரு பகுதி இருப்பதை அன்றுதான் நானும் கேள்விப்பட்டேன். "டிரைவருக்குச் சந்தேகம் வந்தா, பிரேக் போட்டவனே ஓட்டணும். சந்தேகப்படுறவங்க இங்கயே இருந்துக்கலாம்."

நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். வாய் வழக்கம்போல விசிலடித்தது. கதவு சாத்தும் சத்தம் கேட்டுத் திரும்பினேன். ஸ்டெல்லா பின்சீட்டில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எறங்கு தாயி" என்றார் அந்தோணி.

"மாட்டேன்ப்பா."

"எறங்குங்கேன்ல."

"பெயிண்ட் என்னோடது. வாசனயும் என்னோடது. நீங்க சந்தேகப்பட்டா கடல வாங்கித் தின்னுக்கிட்டு இருங்க, நாங்க போயிட்டு வெரசா வந்துர்றோம்."

'நாங்க' என்ற சொல் எனக்குப் பிடித்திருந்தது. அந்தோணிக்கும் அந்தச் சொல் காதில் விழுந்திருக்க வேண்டும். என்னை ஒரு பார்வை பார்த்தார். வாளித் தண்ணீரைச் சாலையோரம் கொட்டினார், வாளியை டிக்கியில் வைத்தார், கல்லை எடுத்தார், வந்து முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியில் தொங்கிய ஜெபமாலையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஒரு மிதி, ஒரு விடுதல். பெருமாள்மலை வரை புகை கூடவே வந்தது. அங்கே நிறுத்தி ஆற விட்டோம், யாரும் டீ கேட்கவில்லை. அடுத்த இறக்கத்தில் புகை பாதியானது. பின்னாலிருந்து "ரெண்டாவது ஈடு" என்றாள் ஸ்டெல்லா. பழத்தோட்டங்கள் போயின, காற்றில் குளிர் குறைந்தது, ஸ்வெட்டரைக் கழற்றும் உயரம் வந்தது. கொண்டைஊசி வளைவொன்றில் எதிரே பஸ் ஒன்று நடுரோட்டில் ஏறி வந்தது. யோசிக்க நேரமில்லை. மிதித்தேன். கார் கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. பஸ் டிரைவர் எங்களை உரசாமல் போய், தலையை வெளியே நீட்டி, "அந்தோணி அண்ணே, வண்டி என்னமா நிக்குது" என்று கத்திவிட்டுப் போனார்.

அந்தோணி ஜெபமாலை மணியை நகர்த்துவதை நிறுத்தினார். கண்ணாடியை இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி மூச்சை இழுத்தார். ஒரு வளைவு, இன்னொரு வளைவு. மறுபடி இழுத்தார்.

"வாடயே இல்ல" என்றார், தனக்குத்தானே.

"மூணாவது ஈடு" என்றாள் ஸ்டெல்லா.

மலையடிவாரத்தில், காட்ரோட்டு டீக்கடை முன்னால் நிறுத்தினேன். மார்ட்டின் சார் இறங்கப் போனார். அந்தோணி அவரைக் கையமர்த்திவிட்டு, தானே இறங்கி, இடதுபக்க முன் சக்கரத்தில் தொடங்கினார். புறங்கையை ஒரு சாண் தள்ளிக் காட்டினார். ஒரு முழுச் சுற்று. பிறகு முன் சக்கரத்துக்கு நேராகக் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். பெயிண்ட் உரியவில்லை, குமிழ் விடவில்லை. தீயில் வெந்து, வெள்ளி நிறம் ஒரு பங்கு மங்கி, இறுகிப்போய் இருந்தது. அவர் வீட்டு அடுப்புக் கதவின் அதே நிறம். தலையை ஆட்டினார். "டீ சொல்லுங்க" என்றார்.

டீ குடித்தோம். அந்தோணி கடைக்காரரிடம், அவர் கேட்காமலே, "நம்ம வண்டி. சீசனுக்கு ஓடும்" என்றார். இரண்டு தரம் சொன்னார்.

திரும்ப மலையேற வேண்டும். அந்தோணி சாவிக்காகக் கையை நீட்டினார், கொடுத்தேன். சட்டப்படி நான் முன் சீட்டுக் கதவைத் திறந்தேன்.

"நீ எங்க ஏறுற?" என்றார்.

"சட்டங்க. பிரேக்கத் தொட்டவன் முன்னாடி."

"அது நம்பிக்க வார வரைக்கும் உள்ள சட்டம்." அவர் என்னைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சார், நீங்க முன்னாடி வாங்க. வண்டி ஒரு பக்கமா சாயுது. ஏலே பி.எஸ்ஸி, நீ பின்னாடி போய் உக்காரு."

மார்ட்டின் சார் குல்லாவைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் ஏறினார். அப்படி இழுத்தால் சிரிக்கிறார் என்று அர்த்தம். பின்சீட்டில் ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் பார்த்தபடி, இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள். ரொம்பவும் நகரவில்லை.

"சரிங்க மாமா" என்றேன்.

அந்தோணி கியரைப் போட்டார். "தொண்டக்கட்டு சரியாப் போச்சு போல" என்றார்.

ஆகவே தம்பி ஜெகன், பிரேக் போயிருக்காது. புகை இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிறதா, சூடு சமமாக இருக்கிறதா, சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறதா, பார். அப்படியிருந்தால் அது முதல் ஈடு. நின்றுவிடும். தண்ணீர் மட்டும் ஊற்றாதே. சந்தேகம் தீரவில்லை என்றால் வண்டியை வீட்டுக்குக் கொண்டு வா. எனக்கு இப்போது மூக்கடைப்பு. ஸ்டெல்லா மோந்து பார்த்துச் சொல்லிவிடுவாள்.